ஆறு மடங்கு வலிமை

அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில், கிழக்கு ஆற்றின்மேல் புரூக்ளின் பாலம் உயர்ந்து நிற்கிறது. அதனைக் கட்டி முடித்தவர் வாஷிங்டன் ரோப்ளிங் என்னும் பொறியாளர்.

ரோப்ளிங் 1837 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் ரோப்ளிங் தொங்குபாலங்கள் அமைப்பதில் புகழ்பெற்றவர். புரூக்ளின் பாலத்தைத் திட்டமிட்டவரும் அவரே. பாலம் அமையவிருந்த இடத்தை அளவிடும்போது காலில் ஏற்பட்ட காயத்தால், 1869 இல் அவர் மறைந்தார். தந்தை விட்டுச்சென்ற பணியை மகன் ஏற்றார்.

ஆற்றின் அடியில், அழுத்தம் மிகுந்த காற்று நிரப்பிய பெரிய மரக்கூடுகளுக்குள் தொழிலாளர்கள் அடித்தளம் தோண்டினர். அங்கிருந்து விரைந்து மேலே வந்தவர்களைக் கொடிய நோய் ஒன்று தாக்கியது. தொழிலாளர்களுடன் தாமும் இறங்கிப் பணியாற்றிய ரோப்ளிங், 1872 இல் அந்நோயால் படுக்கையுற்றார். அதன்பின் அவர் இல்லத்திலிருந்தே பணியை நடத்தினார். அவருடைய மனைவி எமிலி பொறியியல் கற்று, கணவரின் அறிவுரைகளை நாள்தோறும் பணியிடத்திற்குக் கொண்டு சென்றார்.

1878 இல் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. கம்பி வழங்கிய வணிகர், சோதனையில் தேறிய நல்ல கம்பிகளை வழியிலேயே மாற்றிவிட்டுத் தரம் குறைந்தவற்றை அனுப்பியிருந்தார். அவற்றுள் பல வடங்களில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

ரோப்ளிங் கலங்கவில்லை. வடங்களில் எஞ்சியுள்ள வலிமை எவ்வளவு என்று கணக்கிட்டார். தேவையைப்போல் ஆறு மடங்கு வலிமையுடன் திட்டமிடப்பட்ட பாலம் அது. எனவே, தீய கம்பிகளால் நேர்ந்த குறையைக் கழித்த பின்னும் ஐந்து மடங்கு வலிமை எஞ்சியது. ஆயினும் அவர் அதனோடு அமையவில்லை. ஒவ்வொரு வடத்திலும் ஏறத்தாழ 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் செய்தார்.

1883 மே 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அதனை வண்டியில் கடந்த பெருமை எமிலிக்குக் கிடைத்தது.

1901 இல் பாலத்தின் தளத்தைத் தாங்கிய தொங்குகம்பிகள் சில முறிந்தன. ஆனால் பாலம் வீழவில்லை, முறிந்தவை செப்பனிடப்பட்டன. ரோப்ளிங் 1926 இல், தம் 89 ஆம் வயதில் மறைந்தார்.

கட்டி முடித்த அன்றோடு ஒரு பாலத்தின் பணி முடிவதில்லை. துருவும் காற்றும் சுமையும் அதன் வலிமையை நாள்தோறும் குறைக்கின்றன. மிகுதியாக வைத்த வலிமை, குறையைக் கண்டு திருத்துவதற்கு நமக்குக் காலம் தருகிறது. அந்தக் காலத்திற்குள் ஆய்ந்து, அளந்து, பழுதுபார்ப்பது அடுத்தடுத்த தலைமுறையின் கடமையாகும்.

பயிற்சி

1. ரோப்ளிங் நோயுற்றதற்குக் காரணம் யாது?
2. தரம் குறைந்த கம்பிகள் வடத்தில் இருந்தும் பாலம் உறுதியாக நின்றது ஏன்?
3. நீங்கள் வாழும் ஊரிலுள்ள பாலம் ஒன்றை உற்றுநோக்கி, அதன் நிலையைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.