மூன்றாவது பட்டத்துக்குக் காத்திராத மானேஜர்

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் ஹட்டர்ஸ்பீல்டு என்று ஓர் ஊர். கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஆலை விட்டதும் ஆண்பிள்ளைகள் பந்தாட்ட மைதானத்தை நோக்கி நடப்பார்கள். 1921-ல் அந்த ஊரின் ஜனத்தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான்.

அந்தச் சின்ன ஊரின் கால்பந்து அணி, 1924, 1925, 1926 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இங்கிலாந்தின் லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. அதற்கு முன் எந்த அணியும் செய்யாத சாதனை அது. லண்டனும் லிவர்பூலும் வாயடைத்து நின்றன.

அந்த வெற்றிகளுக்கு அஸ்திவாரம் போட்டவர் ஹெர்பர்ட் சாப்மன். ஆனால் மூன்றாவது பட்டம் கிடைத்த அன்று அவர் அந்த ஊரில் இல்லை. அதே பட்டத்துக்குப் போட்டியிட்டு இரண்டாவதாக வந்த லண்டன் கிளப்பில் மானேஜராக இருந்தார்!

சுரங்கத் தொழிலாளியின் மகன்

சாப்மன் பிறந்தது 1878 ஜனவரி 19-ந் தேதி. ஊர், ஷெபீல்டு நகரத்துக்கு அருகே உள்ள கிவ்டன் பார்க். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்க வேண்டியவர்தான். ஆனால் படிப்பில் கெட்டிக்காரராக இருந்ததால், ஷெபீல்டில் சுரங்கப் பொறியியல் படிக்க வாய்ப்புக் கிடைத்தது.

பந்தாட்டத்திலும் ஆசை இருந்தது. ஆனால் ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் எடுக்கவில்லை. ஊர் ஊராக, கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தார். டாட்டன்ஹாம் அணியில் ஆடியபோது மஞ்சள் நிற பூட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குவார். அவருடைய ஆட்டத்தை மறந்தவர்களும் அந்த பூட்ஸை மறக்கவில்லை.

1907-ல் நார்தாம்டன் அணி அவரை மானேஜராக அமர்த்தியது. இரண்டே ஆண்டுகளில், 1909-ல், அந்த அணி சதர்ன் லீக் பட்டத்தைப் பெற்றது. அக்காலத்தில் மானேஜர் என்றால் கணக்கு எழுதுகிறவர், கடிதம் போடுகிறவர் என்றுதான் அர்த்தம். எப்படி ஆடுவது என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிப்பது, அதை ஆட்டக்காரர்களிடம் விளக்குவது, அவர்கள் கருத்தையும் கேட்பது ஆகியவற்றையெல்லாம் தம் வேலையாக எடுத்துக்கொண்டவர் சாப்மன்.

லீட்ஸில் வந்த வினை

1912-ல் அவர் லீட்ஸ் சிட்டி என்ற கிளப்புக்குப் போனார். அணி முன்னுக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில் உலக யுத்தம் மூண்டது. 1916-ல் சாப்மன் லீட்ஸுக்கு அருகே பார்ன்போ என்ற இடத்தில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

யுத்தம் முடிந்ததும் ஒரு புகார் கிளம்பியது. யுத்த காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதிக்கு விரோதமாகப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டியின் மேல் குற்றச்சாட்டு. கணக்குப் புத்தகங்களைக் காட்டும்படி அதிகாரிகள் கேட்டார்கள். கிளப் காட்ட மறுத்தது. 1919 அக்டோபரில் லீட்ஸ் சிட்டி லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் ஆட்டக்காரர்களை ஒரு ஹோட்டலில் கூட்டிவைத்து ஏலம் போட்டார்கள்! கிளப் அத்தோடு மாண்டது.

சாப்மன் 1918 கடைசியிலேயே அந்த வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் தண்டனை அவரையும் பிடித்துக்கொண்டது. பந்தாட்டத்திலிருந்தே அவருக்கு வாழ்நாள் தடை. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்த வேலையும் போயிற்று. வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது.

அப்போது அவருக்குக் கைகொடுத்த ஊர்தான் ஹட்டர்ஸ்பீல்டு.

ஊர் காப்பாற்றிய கிளப்

ஹட்டர்ஸ்பீல்டு டவுன் கிளப் 1908-ல் தோன்றியது. அந்த ஊரில் ரக்பிக்குத்தான் முதல் மரியாதை. பந்தாட்டத்துக்குக் கூட்டம் போதவில்லை, கடன் ஏறியது. லீட்ஸ் சிட்டி அழிந்து அங்கே மைதானம் காலியானதும், கிளப்புக்குக் கடன் கொடுத்திருந்த முதலாளி ஒரு யோசனை செய்தார். ஹட்டர்ஸ்பீல்டு கிளப்பையே பெயர்த்துக் கொண்டுபோய் லீட்ஸில் வைத்துவிடலாம் என்பதே அது.

இந்தச் செய்தி கேட்டதும் ஊர் விழித்துக்கொண்டது. ஆட்சேபக் கூட்டங்கள் நடந்தன. ஜனங்கள் பணம் திரட்டினார்கள். கடைசியில் கிளப் ஊரை விட்டுப் போகவில்லை. முதலாளிதான் லீட்ஸில் புதிதாகத் தோன்றிய கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அதே பருவத்தில், 1920-ல், ஹட்டர்ஸ்பீல்டு முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது, எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம் வரையிலும் சென்றது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வந்த மனத்தாங்கல் விளங்கும். தங்கள் கிளப்பைத் தங்கள் கைக்காசைப் போட்டு மீட்டவர்கள் அந்த ஜனங்கள். மைதானத்தின் ஒவ்வொரு படிக்கட்டும் தங்களுடையது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பு இல்லை.

1921-ல் சாப்மனைத் துணைக்கு எடுத்துக்கொள்ள ஹட்டர்ஸ்பீல்டு முன்வந்தது. புகாருக்கு உரிய காலத்தில் அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார் என்று எடுத்துச் சொல்லி, தடையை நீக்கும்படி செய்தது. சில வாரங்களுக்குள் மானேஜர் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. கீழே விழுந்து கிடந்தவரைத் தூக்கி நிறுத்தியது அந்த ஊர்.

இரண்டு பட்டங்கள்

சாப்மன் அந்தக் கடனை வட்டியோடு தீர்த்தார் என்றே சொல்ல வேண்டும். ஆஸ்டன் வில்லா அணியிலிருந்து கிளெம் ஸ்டீவன்சனைக் கொண்டுவந்தார். வயது முப்பதைத் தாண்டிய ஸ்டீவன்சனின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். சாப்மன் அவரையே அணிக்கு மூளையாக வைத்துக்கொண்டார். பின்வரிசையை உறுதியாக நிறுத்துவது. எதிரி முன்னேறி வந்து களைத்ததும் பந்தைப் பறித்துக்கொண்டு மின்னல் வேகத்தில் பாய்வது. இதுவே அவர் முறை. இரண்டாவது அணியும் மூன்றாவது அணியும்கூட இதே முறையில்தான் ஆட வேண்டும். ஒருவருக்குக் காயம் பட்டால் அடுத்தவர் தடுமாறாமல் அந்த இடத்தில் நிற்க முடியும் அல்லவா?

1922-ல் பிரஸ்டன் அணியைத் தோற்கடித்து எப்.ஏ. கோப்பை வந்தது. பில்லி ஸ்மித் பெனால்டியில் போட்ட ஒரே கோல். 1924-ல் லீக் பட்டம். அது கிடைத்த விதமே ஒரு கதை. ஹட்டர்ஸ்பீல்டுக்கும் கார்டிப் அணிக்கும் ஆளுக்கு 57 பாயிண்டு. போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பார்த்தார்கள். ஹட்டர்ஸ்பீல்டு போட்டது 60, வாங்கியது 33. கார்டிப் போட்டது 61, வாங்கியது 34. மயிரிழையில் பட்டம் ஹட்டர்ஸ்பீல்டுக்கு வந்தது! கடைசி ஆட்டத்தில் கார்டிப் ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டிருந்தது.

மறு ஆண்டும் பட்டம். 42 ஆட்டங்களில் வாங்கியது 28 கோல்களே. அந்தப் பருவத்தில்தான் பில்லி ஸ்மித், கார்னரிலிருந்து நேரே கோலுக்குள் பந்தை அடித்தார். விதி மாறிய பிறகு இங்கிலீஷ் லீகில் அப்படிப் போட்ட முதல் கோல் அது. எதிர்த்து ஆடிய அணி ஆர்சனல்.

ஒரு விளம்பரம்

அந்த ஆர்சனல், 1925-ல் 22 அணிகளில் இருபதாவதாக வந்தது. ஒரு படி சறுக்கியிருந்தால் கீழ் டிவிஷனுக்குப் போயிருக்கும். அந்த ஆண்டு மே மாதம் மானேஜர் தேவை என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பெரும் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்க நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது.

அந்த இடத்துக்குப் போய் அமர்ந்தவர், நாட்டின் முதல் அணியை நடத்திக்கொண்டிருந்த சாப்மன்! ஆண்டுச் சம்பளம் 2,000 பவுண்டு. ஆட்டக்காரர் ஒருவருக்கு வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது.

சம்பளம் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. ஹட்டர்ஸ்பீல்டில் எத்தனை பட்டம் வாங்கினாலும் கூட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. லண்டனுக்கு எல்லை இல்லை. தம் மனத்தில் இருந்த பெரிய திட்டங்களுக்குப் பெரிய நகரம் வேண்டும் என்று அவர் கண்டார். கண்டது சரியே என்று காலமும் காட்டியது.

ஆனால் ஹட்டர்ஸ்பீல்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். தடை விழுந்து வேலையில்லாமல் இருந்தவரை அழைத்து வாழ்வு கொடுத்தோம். நான்கே ஆண்டுகளில் பணக்கார ஊர் கூப்பிட்டதும் போய்விட்டாரே என்று நினைக்காமல் இருக்க முடியுமா? கிளப்பைக் கொண்டுபோக வந்தவர்களிடமிருந்து கிளப்பைக் காப்பாற்றிய ஊரால், மானேஜரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

அவர் இல்லாத வெற்றி

1926-ல் பட்டியலின் உச்சியில் நின்றது ஹட்டர்ஸ்பீல்டு, 57 பாயிண்டு. இரண்டாவது ஆர்சனல், 52. அவர் போன பிறகும் அணி வென்றது. அவரையே தோற்கடித்து வென்றது! அந்த ஊருக்கு இதைவிட இனிமையான பதில் வேறு இருக்க முடியாது.

ஆயினும் புண் ஆறவில்லை. 1927-லும் 1928-லும் ஹட்டர்ஸ்பீல்டு இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. 1928-ல் கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் தோல்வி. அவர் இருந்திருந்தால் என்ற எண்ணம் தலைகாட்டும் இடம் இதுதான். வென்றிருந்தால் மறந்திருப்பார்கள். அடியோடு தோற்றிருந்தாலும் ஒருவாறு மறந்திருப்பார்கள். ஒரு சாண் தூரத்தில் தவறுவதுதான் மனத்தை விட்டுப் போகாது.

அங்கே லண்டனில் சாப்மன் சும்மா இருக்கவில்லை. 1925-ல் ஆப்சைடு விதி மாறியது. கோலுக்கும் முன்னணி ஆட்டக்காரருக்கும் இடையே எதிரிகள் மூவர் இருக்க வேண்டும் என்பது போய், இருவர் போதும் என்று ஆயிற்று. கோல்கள் மழையாகப் பொழிந்தன. நியூகாசில் அணியிடம் ஆர்சனல் 7-0 என்று தோற்றது. அணியின் மூத்த ஆட்டக்காரர் சார்லி பக்கனின் யோசனையைக் கேட்டு, நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலாக நிறுத்தினார் சாப்மன். இந்த முறை பின்னர் உலகமெங்கும் பரவியது.

விளம்பரத்தில் என்ன கண்டிருந்தாலும், பணமும் தாராளமாகச் செலவாயிற்று. 1928-ல் டேவிட் ஜாக்கை வாங்கப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். ஹட்டர்ஸ்பீல்டு கனவிலும் நினைக்க முடியாத தொகை.

எதிரெதிரே

1930 ஏப்ரல் 26. வெம்ப்லி மைதானத்தில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். தொண்ணூறாயிரத்துக்கு மேல் கூட்டம். ஒரு பக்கம் ஆர்சனல். மறு பக்கம் ஹட்டர்ஸ்பீல்டு.

அப்போது ஹட்டர்ஸ்பீல்டின் மானேஜர் யார் தெரியுமா? சாப்மன் கொண்டுவந்து வளர்த்த அதே கிளெம் ஸ்டீவன்சன்!

இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் தனித்தனியே மைதானத்துக்கு வருவதுதான் அதுவரை வழக்கம். அன்று முதன்முதலாக இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து வந்தன. இரண்டு அணிகளையும் உருவாக்கிய ஒருவருக்குச் செய்த மரியாதை அது. பின்னர் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆட்டத்தின் நடுவே ஜெர்மனியின் கிராப் ஜெப்லின் ஆகாயக் கப்பல் மைதானத்தின் மேலே தாழப் பறந்து சென்றது.

ஆர்சனல் 2-0 என்று வென்றது. அலெக்ஸ் ஜேம்ஸ் ஒரு கோல், ஜாக் லாம்பர்ட் ஒரு கோல். ஆர்சனலுக்கு அதுவே முதல் பெரிய கோப்பை. ஹட்டர்ஸ்பீல்டு ரசிகர்களுக்கோ, தாங்கள் கைகொடுத்துத் தூக்கியவரின் கையாலேயே கிடைத்த தோல்வி.

அடுத்த ஆண்டு ஆர்சனலுக்கு 66 பாயிண்டுகளுடன் லீக் பட்டம். 1933-ல் மறுபடியும் பட்டம். மைதானத்துக்கு அருகே இருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கு 1932-ல் ஆர்சனல் என்றே பெயர் வைக்கச் செய்தார் சாப்மன். ஆட்டக்காரர்களின் முதுகில் எண், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் என்று அவர் சோதித்துப் பார்த்த புதுமைகளை அதிகாரிகள் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசி ஜனவரி

1934 புத்தாண்டு வாரம். சாப்மனுக்கு ஜலதோஷம். ஓய்வு எடுக்காமல், குளிரில் போய் ஆர்சனலின் மூன்றாவது அணி ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தார். ஜலதோஷம் நிமோனியா ஆயிற்று. ஜனவரி 6-ந் தேதி அதிகாலையில் காலமானார். இன்னும் இரண்டு வாரத்தில் அவருக்கு 56 வயது நிறைந்திருக்கும்.

அந்தப் பருவத்தின் முடிவில் ஆர்சனல் 59 பாயிண்டுகளுடன் பட்டம் பெற்றது. இரண்டாவதாக வந்த அணி ஹட்டர்ஸ்பீல்டு, 56 பாயிண்டு! 1935-லும் ஆர்சனலே. ஆக, தொடர்ந்து மூன்று பட்டம் பெற்ற இரண்டாவது கிளப் ஆர்சனல். இரண்டு கிளப்புகளுக்கும் அஸ்திவாரம் போட்டவர் ஒருவரே. இரண்டு இடத்திலும் மூன்றாவது பட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

ஆனால் இரண்டு பிரிவுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆர்சனலை அவர் மரணத்தால் பிரிந்தார். அங்கே அவருடைய மார்பளவுச் சிலையை மைதானத்தின் மண்டபத்தில் வைத்தார்கள். 2011-ல் புதிய மைதானத்துக்கு வெளியே முழு உருவச் சிலையும் எழுந்தது. ஹட்டர்ஸ்பீல்டை அவர் தம் விருப்பத்தால் பிரிந்தார். செய்த நன்மை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இறந்தவரை ஊர் கொண்டாடும். எழுந்து போனவரை நினைக்கும்போது பெருமையோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்தே வரும்.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1926-க்குப் பிறகு ஹட்டர்ஸ்பீல்டுக்கு லீக் பட்டமும் இல்லை, எப்.ஏ. கோப்பையும் இல்லை. 1952-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 1959 டிசம்பரில் இன்னொரு மானேஜரும் அங்கிருந்து பெரிய கிளப்புக்குப் போனார். அவர் பெயர் பில் ஷாங்க்லி. போன இடம் லிவர்பூல். 1975-ல் ஹட்டர்ஸ்பீல்டு நான்காவது டிவிஷன் வரையில் விழுந்தது. 2017-ல் மறுபடி மேலே ஏறி, இரண்டு பருவங்கள் மட்டும் உச்ச வரிசையில் ஆடியது.

சாப்மன் இருந்த காலத்து மைதானமும் 1994-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தொடர்ந்து மூன்று பட்டம் முதலில் வாங்கிய கிளப் எது என்று எவர் கேட்டாலும், இன்றைக்கும் பதில் ஹட்டர்ஸ்பீல்டு டவுன்தான். அதில் இரண்டு அவர் கொடுத்தது. மூன்றாவதை, அவர் இல்லாமல், அவரை வென்று அந்த ஊர் எடுத்துக்கொண்டது.