ஆறாத புண்ணை ஆராய்ந்தவர்: றுடோல்ஃப் விர்ஹோ (1821–1902)

பேர்லின் மாநகரின் வெடிங் பகுதியில் 1906ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையொன்று றுடோல்ஃப் விர்ஹோவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்நகரில் வாழும் எம்மவர் பலருக்கு அப்பெயர் மருத்துவக் கடிதத்தின் தலைப்பில் காணும் ஒரு சொல் மட்டுமே. தன் எழுத்தின் பொருட்டுப் பதவியிழந்து அதே நகரை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர் என்பதைச் சிலரே அறிவர்.

இன்று போலந்துக்குள் அடங்கும் பொமரேனியாவின் சிற்றூரொன்றில் 1821 ஒக்ரோபர் 13ஆம் நாள் அவர் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். இராணுவ வைத்தியர்களை இலவசமாகப் பயிற்றுவிக்கும் கல்லூரியிலேயே மருத்துவம் கற்றார். 1848 பெப்ரவரியில் மேல் சிலேசியாவில் பரவிய டைபஸ் கொள்ளைநோயை ஆராய்ந்து வருமாறு புருசிய அரசு அவரை அனுப்பிற்று. மூன்று வார காலம் அங்கு தங்கியவர், அரசு எதிர்பாராத அறிக்கையொன்றுடன் திரும்பினார். நோய்க்கு மருந்து கல்வியும் சுதந்திரமும் செல்வ வளமுமே என்றார். போலிஷ் மொழி பேசும் அம்மக்களின் தாய்மொழிக்கு ஆட்சியில் இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டார். திரும்பிய சில நாட்களிலேயே பேர்லின் தெருக்களில் புரட்சி வெடித்தது. இளம் வைத்தியர் தடுப்பரண்களில் நின்றார். தொடர்ந்து மருத்துவச் சீர்திருத்தத்துக்கென ஒரு வார இதழையும் நடத்தினார். புரட்சி தோற்றது. 1849இல் பதவி பறிபோனது, இதழும் நின்றது.

அவ்வாண்டின் இறுதியில் பவேரியாவின் வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. தீவிர அரசியலில் இறங்குவதில்லை என்ற உறுதிமொழியைக் கொடுத்தே அவர் அப்பதவியை ஏற்றார். இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். புகலிடத்தின் விலையை அறிந்தவர்கள் அவ்வாறு கூறத் தயங்குவர். அங்கு கழித்த ஏழாண்டுகளிற்றான் உயிர்க்கலங்கள் யாவும் முன்னைய கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்ற கொள்கையை அவர் உறுதிப்படுத்தினார். யூதரான றோபேட் றேமாக் இதனை முன்னரே கண்டிருந்தும் அவருக்குரிய மதிப்பை விர்ஹோ போதியளவு வழங்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

1856இல் பேர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. கட்டிகள் பற்றி அங்கு அவர் ஆற்றிய விரிவுரைகள் 1863 முதல் நூலாக வெளிவந்தன. கட்டிகளின் இழையங்களினுள் வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருக்கக் கண்டவர், நெடுநாள் உறுத்தலும் அழற்சியும் நிலவும் இடத்திலேயே புற்றுநோய் தலையெடுக்கின்றது என எண்ணினார். எல்லாம் சரியாக அமையவில்லை. புற்றுநோய் தொடுப்பிழையத்திலிருந்து எழுகின்றது என்று அவர் கொண்டது தவறென 1865இல் கார்ல் தியேர்ஷ் காட்டினார்.

அவரைப் பெரிதும் சோதித்தது ஓர் இளவரசரின் தொண்டை. 1887இல் முடிக்குரிய இளவரசர் ஃபிறெட்றிக்கின் குரல்வளையில் கட்டி தோன்றியது. ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் அதனை வெட்டியகற்ற ஆயத்தமாயினர். இங்கிலாந்திலிருந்து வந்த மக்கென்சி என்ற வைத்தியர் சிறு துண்டுகளைக் கிள்ளியெடுத்து விர்ஹோவிடம் அனுப்பினார். அவற்றில் புற்றுநோய் இல்லை என்றார் விர்ஹோ. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. மறு ஆண்டு அரியணை ஏறிய ஃபிறெட்றிக் 99 நாட்களே ஆண்டு, யூன் 15ஆம் நாள் அதே நோயால் மாண்டார். தாராளவாதிகளின் நம்பிக்கையும் அவரோடு மடிந்தது. உடலைப் பரிசோதித்தவர்களில் விர்ஹோவும் ஒருவர். தனக்குத் தரப்பட்ட துண்டுகளைப் பற்றி மட்டுமே அவர் கருத்துரைத்தார். பிழை அவருடையதன்று என்பதே எமது எண்ணம்.

1902இன் தொடக்கத்தில் ராம் வண்டியிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டவர், செப்ரெம்பர் 5ஆம் நாள் காலமானார். அவரிடம் பயின்ற யப்பானியர் யாமகிவா, 1915இல் தன் துணைவர் இச்சிகாவாவுடன் முயற்காதுகளில் மாதக்கணக்கில் நிலக்கரித்தார் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்.

ஆயினும், உறுத்தல் எந்த வழியால் கட்டியை வளர்க்கின்றது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 1975இல் நியூயோர்க் ஆய்வாளர்கள், எலிகளின் கட்டிகளைக் கருகச் செய்யும் ஒரு பொருளைக் குருதியில் கண்டு, அதற்குக் கட்டிச் சிதைவுக் காரணி எனப் பெயரிட்டனர். அழற்சியின்போது கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம் அது. பெருமளவில் செலுத்தினால் கட்டியின் குருதிக் குழாய்களைச் சிதைத்தது. நோயாளரையும் கொல்லத்தக்க நஞ்சாயிற்று. பின்னர் விந்தையான செய்தி வந்தது. இப்புரதம் அறவே இல்லாத எலிகளுக்குத் தோற்கட்டிகள் குறைவாகவே தோன்றுகின்றன என 1999இல் இலண்டன் ஆய்வாளர் அறிவித்தனர். சிறு அளவில் இடையறாது சுரக்கும்போது அது மாளவேண்டிய கலங்களை வாழவைக்கின்றது. மேலும் அழற்சிக் கலங்களை அழைக்கின்றது. புதிய குருதிக் குழாய்கள் முளைக்கவும் துணைபோகின்றது. கட்டியைக் கொல்வதாகப் பெயர் சூட்டப்பட்ட புரதம் கட்டிக்கே ஊட்டமளிக்கும் தாதியாயிற்று.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தை முடக்கும் மருந்தை, மாரடைப்புக்கு உள்ளான 10,000க்கும் மேற்பட்டோரிடம் பரிசோதித்த முடிவுகள் 2017இல் வெளியாகின. மருந்து பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் குறைந்திருந்தது. நோய் வந்துவிட்டவர்களுக்கு அதனையே கொடுத்துப் பார்த்த பிந்திய சோதனைகளில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.