உப்பிலிருந்து சோடா: 66 வருஷம் காத்திருந்த ஒரு கவர்!

தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால், ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு உப்பு குவிஞ்சு கிடக்கும். அந்த உப்பிலிருந்து சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவையான சோடா சாம்பலைத் தயாரிக்கிற ஆலையும் அதே ஊரில் இருக்கு. உப்பை சோடாவாக்கும் தொழிலுக்கு முதலில் வழி காட்டியவர் நிக்கோலா லெப்லான். ஆனால், 'கண்டுபிடிச்சது நீதான்'னு உலகம் ஒத்துக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை!

1742-ல் பிரான்ஸில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். மருத்துவம் படித்து, ஆர்லியன்ஸ் கோமகன் குடும்பத்துக்கு டாக்டரானார். ஆனா, மனசெல்லாம் வேதியியலில்தான்.

அப்போது சோடா எப்படிக் கிடைத்தது தெரியுமா? நம்ம உப்பளத்து ஓரம் உமரிச் செடி வளருமே, அது மாதிரியான கடலோரச் செடிகளை எரித்த சாம்பலில் இருந்துதான். பிரான்ஸ் அதற்கு ஸ்பெயினை நம்பியிருந்தது. அதனால், உப்பிலிருந்து சோடா எடுப்பவருக்குப் பரிசு என அறிவிக்கப்பட்டது.

லெப்லான் உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்தார். கிடைத்த சோடியம் சல்பேட்டைச் சுண்ணாம்புக் கல், கரியோடு சேர்த்துச் சூடாக்கினார். அதில் வந்த கறுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்தால்... சோடா ரெடி!

1790 மார்ச்சில் அவர் செய்த ஒரு காரியம்தான் ட்விஸ்ட். செய்முறையை எழுதி, சீல் வைத்து, பாரிஸில் ஒரு நோட்டரியிடம் ஒப்படைத்தார். 1791 செப்டம்பரில் 15 வருஷத்துக்குக் காப்புரிமையும் கிடைத்தது. கோமகன் பணம் போட, செயின்ட் டெனிஸில் ஆலை எழுந்தது.

அப்புறம் வந்தது புரட்சி. 1793-ல் கோமகனின் தலை கில்லட்டினில் விழுந்தது. ஆலை பறிமுதலானது. ரகசியச் செய்முறையை அரசே ஊரறிய வெளியிட்டது. பரிசும் வரவில்லை. பின்னாளில் நெப்போலியன் ஆட்சியில் ஆலை திரும்பி வந்தாலும், நடத்தக் கையில் காசில்லை. 1806-ல் லெப்லான் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் முறையை வைத்து மற்றவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்.

சோகம் அதோடு முடியலை. லெப்லானோடு வேலை பார்த்த டிசே, கண்டுபிடிப்பில் முக்கியப் பங்கு தன்னுடையதுதான் என்றார். லெப்லானின் வாரிசுகள் நியாயம் கேட்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். விஷயம் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குப் போனது. 1856-ல் வேதியியலாளர் டூமா தலைமையிலான குழு பழைய ஆவணங்களைப் புரட்டியது. நோட்டரியிடம் கொடுத்த அந்தத் தாள், 66 வருஷத்துக்குப் பிறகு சாட்சி சொன்னது. டிசே உதவியது உண்மை. ஆனால் கண்டுபிடித்தவர் லெப்லான். இதுதான் தீர்ப்பு.

1860-களில் வந்த சால்வே முறை, பின்னாளில் லெப்லான் முறையை ஓரங்கட்டிவிட்டது. ஆனா, பேர் நிலைச்சிடுச்சு. இன்று இந்தியாவில் ஒரே கண்டுபிடிப்புக்கு ரெண்டு பேர் போட்டி போட்டால், முதலில் விண்ணப்பித்தவருக்கே காப்புரிமை. அதனால, புதுசா ஏதாவது கண்டுபிடிச்சா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, தேதியோடு எழுதி வைங்க; சீக்கிரமா விண்ணப்பிச்சிடுங்க!