துலாக்கோலின் உண்மை கண்ட ஆர்க்கிமிடீஸ்

சிசிலித் தீவின் கீழ்க்கரையில் ஸிரக்யூஸ் என்னும் பழைய கிரேக்க நகரம் உளது. கி. மு. 287-ஆம் ஆண்டளவில் ஆர்க்கிமிடீஸ் என்னும் பேரறிஞர் ஆங்குத் தோன்றினார். அவர்தம் தந்தையார் பீடியாஸ் வானநூல் வல்லவர். அந்நகரை ஆண்ட இரண்டாம் ஹியரோன் மன்னன் இவ்வறிஞர்பால் நட்புப் பூண்டிருந்தான். நீரில் மிதக்கும் பொருள்களைப் பற்றி இவர் கண்ட உண்மையை யாவரும் அறிவர். பளுவையும் தூரத்தையும் பற்றி இவர் கண்ட உண்மையோ, பௌதிகம் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் இடர்ப்படும் இடமாதலின், அதனை முன்வைத்து இவர் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

நெம்புகோலால் பெருங்கற்களைப் பெயர்த்தல் இவர் காலத்திற்கு நெடுநாள் முன்னரே மக்கள் அறிந்த தொழிலாகும். குறுகிய கையில் தொங்கும் பெரும்பளுவை நீண்ட கையில் தொங்கும் சிறுபளு தாங்குவதைத் தொழிலாளர் நாடோறும் கண்டிருந்தனர். ஆயினும், கண்டதற்குக் காரணங்காட்டி ஐயமற நிறுவுதல் வேறொரு காரியம். 'தளங்களின் சமநிலை' என்னும் நூலில் ஆர்க்கிமிடீஸ் அதனைச் செய்தார்.

சமமான பளுக்கள் சமமான தூரத்தில் தொங்கினால் கோல் சாயாது; தூரம் வேறுபடின், தொலைவிலுள்ள பளுவின் பக்கமே சாயும். எவரும் மறுக்கவொண்ணாத இத்துணைச் சிறிய உண்மையினின்று அவர் தொடங்குகின்றார். அவர் சென்ற வழியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரே நிறையுள்ள ஆறு படிக்கற்களை ஓரடி இடைவெளிவிட்டு ஒரு கோலில் வரிசையாகத் தொங்கவிடுக. வரிசையின் நடுவிடத்தைத் தாங்கினால் கோல் சமனாக நிற்கும். பின்பு, இடக்கோடியிலிருந்து எண்ணி முதல் நான்கு கற்களையும் அவற்றின் நடுவிடத்தில் ஒருங்கே தொங்கவிடுக. எஞ்சிய இரண்டையும் அவ்வாறே அவற்றின் நடுவில் சேர்த்திடுக. சமநிலை கெடாது. அளந்து பார்ப்பின், நான்கு கற்கள் தாங்குமிடத்திற்கு 1 அடி தூரத்திலும், இரண்டு கற்கள் 2 அடி தூரத்திலும் இருக்கக் காண்போம். பளு பாதியாயின் தூரம் இருமடங்காதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அவர் விகிதமாகக் கூறிய இதனையே பிற்காலத்தார் பெருக்கலாக்கி, விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதைத் திருப்புத்திறன் என்றனர். அத்தூரம், சுழலுமிடத்திலிருந்து விசை செல்லும் கோட்டிற்குச் செங்குத்தாக அளக்கப்படுவது. கதவைக் கீலருகே தள்ளுவோன் வருந்துவதும், விளிம்பில் தள்ளுவோன் எளிதில் திறப்பதும் இதனாலேயே. விசைகள் சமமாகவும் எதிராகவும் இருந்தால் போதும், பொருள் அசையாது என்று மாணவர் சிலர் எண்ணுவர். கோலொன்றின் இரு முனைகளையும் சமவிசையால் எதிரெதிர்த் திசைகளிற் குறுக்காகத் தள்ளினால் அது சுழலக் காணலாம். ஆதலின் விசைகளின் கூட்டுத்தொகை சுன்னமாதலோடு, திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையும் சுன்னமானாலன்றி முழுச் சமநிலை உண்டாகாது.

ஏட்டில் நிறுவிய இவ்வுண்மை நாட்டிற்கும் அரணாயிற்று. மார்ஸெல்லஸ் என்னும் ரோமானியத் தளபதி நகரை முற்றுகையிட்டபோது, முதியவராயிருந்த ஆர்க்கிமிடீஸ் அமைத்த பொறிகள் பகைவரை நெடுங்காலம் தடுத்தன. மதிலின் உட்புறத்தே நெடுங்கோலின் அடிப்பாகத்தை அழுத்த, வெளிப்புறத்தே இரும்புக் கை கப்பலின் முகப்பைப் பற்றித் தூக்கிற்று என்று பொலீபியஸ் என்னும் சரித்திர ஆசிரியர் எழுதியுள்ளார். ஆயினும் கி. மு. 212-இல் நகரம் வீழ்ந்தது. அறிஞரைக் காக்கத் தளபதி விரும்பியிருந்தும், போர்வீரன் ஒருவன் அவரைக் கொன்றான். உருளையுள் அடங்கிய கோளத்தின் வடிவம் அவர் கல்லறைமேல் பொறிக்கப்பட்டது. கி. மு. 75-இல் ஸிஸரோ அதனைத் தேடியபோது அது முட்புதரால் மூடுண்டு கிடந்தது. அவ்வூரார் அதனை மறந்திருந்தனர்.

அவர் நூலொன்றும் அவ்வாறே மறைந்தது. எரட்டாஸ்தனீஸ் என்னும் அறிஞருக்கு எழுதிய அந்நூலில், உருவங்களை மனத்தகத்தே துலாக்கோலிலிட்டு நிறுத்து, அவற்றின் அளவைக் கண்ட முறையை விளக்கியிருந்தார். கோளம் தன்னை அடக்கும் உருளையில் மூன்றிலிரு பங்கென்பதை இம்முறையால் அவர் கண்டார். எனினும் அவ்வாறு கண்டதை நிரூபணமாகக் கொள்ளாது, வேறு வழியில் நிறுவியபின்னரே அமைந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எவரோ அதன் தோலேட்டைச் சுரண்டி, அதன்மேல் ஜெப நூலொன்றை எழுதினர். 1906-இல் ஹைபர்க் என்னும் டேனிய அறிஞர் கான்ஸ்டாண்டிநோப்பிளில் அவ்வேட்டின் அடியிலிருந்த மங்கிய எழுத்துக்களைக் கண்டு படித்தார். ஆசிரியர் இறந்து 2,100 ஆண்டுகளுக்கு மேற்சென்றபின் அவர் சிந்தனை மீண்டும் வெளிப்பட்டது.

நகரம் வீழ்ந்தது, பொறிகள் மறைந்தன, கல்லறையும் புதருண்டது. சமமான இரு பளுக்களினின்று அவர் காரணங்காட்டி நிறுவிய உண்மையோ, இன்றும் ஒவ்வொரு துலாக்கோலிலும் நின்று நிலவுகின்றது. சூத்திரத்தை மனனஞ் செய்வதோடு அமையாது, அஃது ஏன் மெய்யாயிற்று என்று வினவி அறிதலே மாணவர் அவருக்குச் செலுத்தத்தக்க கடனாகும்.