யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்? வத்திராயிருப்பு மாணவர் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறியது ஏன்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலே பேசப்படும் மாவட்டம் விருதுநகர். 2023-ல் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம். பாஸ் ஆனது சரி, மேற்படிப்பை எங்கே, யாரிடம் படிப்பது? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைச் சந்தித்தவர், சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு மேற்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்த கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன்.

மதிய உணவு நேர வகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. டிகிரி முடித்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது.

மதிய உணவு இடைவேளையில் அவர் மாணவர்களுடன் உட்கார்ந்துவிடுவார். இயற்பியல், வேதியியல், கணிதம் என எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். சிலபஸ், பரீட்சை எதுவும் கிடையாது. விஷயம் பரவி, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆர்வமுள்ள மாணவருக்குப் பாடப்புத்தகம் மட்டும் போதாது என்பதை அவர் அப்போதே புரிந்துவைத்திருந்தார்.

கல்லூரியா, ஆசிரியரா?

அதே பசி அவருக்கும் இருந்தது. சென்னையில் கையில் வேலை இருந்தும், 1920-ல் கொல்கத்தா கிளம்பினார். காரணம், அங்கே பேராசிரியராக இருந்த சி.வி.ராமன். 1923-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

1928-ல் பெரிய திருப்பம். ஒளி ஒரு பொருளுக்குள் புகுந்து சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. சூரிய ஒளியையும் சில வண்ண வடிகட்டிகளையும் வைத்தே பல திரவங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார் கிருஷ்ணன். நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. அதுதான் ராமன் விளைவு. ஒரு பொருளைச் சிதைக்காமலே அது என்ன ரசாயனம் எனக் கண்டுபிடிக்க இன்றும் இது உதவுகிறது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கண்டுபிடிப்பின் பெயரிலும் கிருஷ்ணன் இல்லை. பெரிய குருவிடம் சேர்வதில் இப்படியொரு விலையும் உண்டு.

நிழலைத் தாண்டி

ஆனா, கிருஷ்ணன் அங்கேயே நின்றுவிடவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சத்யேந்திரநாத் போஸ் சக பேராசிரியர். படிகங்களின் காந்தப் பண்புகள் என்ற தனித்துறையைக் கையில் எடுத்தார் கிருஷ்ணன். 1933-ல் கொல்கத்தா திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1942 முதல் அலகாபாத்தில் பேராசிரியர். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை முதன்முதலில் பெற்றவரும் அவர்தான். 1961 ஜூனில் மறைந்தார்.

இன்றைக்கு என்ன பயன்?

எம்.எஸ்சி., பிஎச்.டி. சேரும்போது நிறுவனத்தின் பெயர், ரேங்க், ஃபீஸ் எல்லாம் பார்க்கிறோம். கிருஷ்ணனின் பாதை இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கிறது. வழிகாட்டி இப்போது எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்? அந்த ஆய்வகத்தில் மாணவர் கையாலேயே சோதனை செய்ய முடியுமா? ஆய்வுக் கட்டுரையில் மாணவரின் பெயர் வருகிறதா? மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு அட்மிஷன் போடலாம்.