பேய் வீட்டில் படுத்து உறங்கிய வாத்தியார்

கூரை மீது கல் வந்து விழும். எறிந்தது யார் என்று தெரியாது. கொடியில் காயும் சேலை திடீரென்று தீப்பிடிக்கும். சோற்றில் மண் கிடக்கும்.

வீட்டில் உள்ளவர்கள் நடுங்கிப் போவார்கள். மந்திரவாதி வருவார். உடுக்கை அடிப்பார். தகடு புதைப்பார். தட்சணை வாங்கிக்கொண்டு போவார்.

மறு வாரம் மறுபடியும் கல் விழும்!

இலங்கையில் இப்படித் தவித்த குடும்பங்கள் ஒருவரைத் தேடிப் போயின. அவர் மந்திரவாதி அல்ல. சாமியாரும் அல்ல. பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் கற்றுக்கொடுத்த வாத்தியார்! பேய் குடியிருப்பதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவில் படுத்து உறங்கியவர். கெட்ட நேரம் என்று மற்றவர்கள் ஒதுக்கும் வேளையில் முக்கியமான காரியங்களைத் தொடங்கியவர்.

அவர் பெயர் ஆபிரகாம் கோவூர்.

கல் எறிவது பேய் அல்ல, அந்த வீட்டில் இருக்கும் ஒருவர்தான் என்று அவர் சொன்னார். அப்படிச் செய்பவர் கெட்டவர் அல்ல, மனம் நொந்தவர். அவருக்கு வேண்டியது வேப்பிலை அடி அல்ல, வைத்தியம். இதுதான் கோவூரின் கொள்கை.

பாதிரியார் மகன்

கோவூர் 1898-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி திருவல்லாவில் பிறந்தார். இன்று அது கேரளத்தில் இருக்கிறது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

அவருடைய தந்தை சாதாரண ஆள் அல்ல. மார்த்தோமா சிரியன் திருச்சபையில் விகார் ஜெனரல் என்ற பெரிய பதவியில் இருந்தவர். ஜெபத்துக்கும் வேத புத்தகத்துக்கும் குறைவில்லாத வீடு. அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஊர் அறிந்த பகுத்தறிவுவாதி ஆனார்.

கல்கத்தாவில் உள்ள வங்கவாசி கல்லூரியில் கோவூரும் அவர் தம்பியும் ஒன்றாகப் படித்தார்கள். செடி கொடிகளைப் பற்றியும், விலங்குகளைப் பற்றியும் கோவூர் படித்தார்.

அந்த நாளில் நடந்ததாக அவர் சொன்ன ஒரு கதை உண்டு.

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டு வரும்படி அக்கம் பக்கத்தில் இருந்த இந்துக்கள் கேட்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் கங்கையில் இருந்து எடுத்து வரவில்லை. ஊரை நெருங்கும்போது, வழியில் கிடைத்த சாதாரணத் தண்ணீரைப் புட்டிகளில் நிரப்பிக் கொண்டார்கள். அதைத்தான் கங்கை நீர் என்று கொடுத்தார்கள்.

வாங்கியவர்கள் பக்தியோடு வைத்துக்கொண்டார்கள். அதனால் நோய் குணமானது என்றும் சிலர் சொன்னார்கள்!

வாலிபப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நம்பி வந்தவர்களை ஏமாற்றியது சரியா என்று இன்று படிப்பவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் கோவூரின் பிற்கால வேலைக்கு வித்து அந்தப் புட்டியில்தான் இருந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை. குடித்தவர் மனதில்தான் ஏதோ இருந்தது.

பாஸ் ஆனார்கள், ஆனால்...

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் சில காலம் வேலை பார்த்தபின், 1928-ல் கோவூர் யாழ்ப்பாணம் போனார். அங்கே மத்திய கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மெதடிஸ்ட் மிஷன் நடத்திய கல்லூரி அது. அந்தத் தமிழ் ஊரில் பல ஆண்டுகள் இருந்தார்.

முதல் ஆண்டில் பைபிள் பாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாதிரியார் மகன் அல்லவா! பிள்ளைகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை.

காரணம் என்ன? பிள்ளைகள் பாடத்தில் தேறினார்கள், ஆனால் மதநம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று தலைமை ஆசிரியர் சொன்னாராம்.

யாழ்ப்பாணத்துக்குப் பிறகு காலி, கல்கிசை, கொழும்பு ஆகிய ஊர்களில் கற்பித்தார். கடைசியாக வேலை பார்த்தது கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி. 1959-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர் ஆனார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

கொழும்பில் பாமன்கடை ஒழுங்கையில் அவர் வீடு இருந்தது. பிறந்த ஊரை மறக்காமல் வீட்டுக்குத் 'திருவல்லா' என்று பெயர் வைத்திருந்தார்.

நடிப்பா? நோயா?

பேய் வீடு என்று சேதி வந்தால் கோவூர் நேரில் போவார். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார். மனம் கலங்கியிருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பார். பிறகு ஹிப்னாடிசம் என்னும் மனோவசிய முறையைக் கையாளுவார்.

இந்த முறைக்கு அந்தப் பெயரைப் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். அது 1840-களில். அதன்பின் பாரிஸ் நகரத்தில் ஷார்கோ என்ற பேர்போன வைத்தியர் இதை ஆராய்ந்தார். வலிப்பு வந்தவர்கள் போலத் துடித்த சிலரின் நோய்க்கு மனமும் காரணம் ஆகலாம் என்ற எண்ணம் அந்த ஆராய்ச்சிகளில் இருந்து வளர்ந்தது.

பேய் பிடித்தல் என்பது என்ன? ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். புது மருமகள். விடிந்தால் வேலை, அடைந்தால் ஏச்சு. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஒரு நாள் கண் செருகி விழுகிறாள். எழுந்ததும் செத்துப்போன பாட்டியின் குரலில் பேசுகிறாள்! மாமியாரை அதட்டுகிறாள். வீடே கைகட்டி நிற்கிறது.

அவள் நடிக்கிறாளா? பெரும்பாலும் இல்லை. அவளுக்கே தெரியாமல் மனம் கண்டுபிடித்த வழி அது. மருமகள் பேசினால் கேட்காதவர்கள், பேய் பேசினால் கேட்கிறார்கள் அல்லவா?

பூசாரி வந்து ஓட்டினால் சில சமயம் பேய் போய்விடுகிறது. அதுவும் பொய் அல்ல. பேய் உண்டு என்று நம்பிய மனம், பூசாரி ஓட்டுவார் என்றும் நம்புகிறது. ஆனால் ஏச்சும் அழுகையும் அப்படியே இருந்தால், போன பேய் திரும்பி வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவூர் சொன்னால் குணமாகும் என்று நம்பித்தான் அவரிடமும் ஜனங்கள் வந்தார்கள். மனோவசியமும் நம்பிக்கையை வைத்துச் செய்யும் வைத்தியமே. நம்பிக்கையைக் கேலி செய்தவர் கையில் இருந்த மருந்தும் நம்பிக்கைதான்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் நோயின் காரணத்தைத் தேடினார்.

லட்ச ரூபாய்

1963-ல் கோவூர் ஒரு சவால் விட்டார். மோசடிக்கு இடம் இல்லாத முறையில் யாராவது ஒரு அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்ச ரூபாய் பரிசு!

என்னென்ன அற்புதம்? உறைக்குள் மூடிய ரூபாய் நோட்டின் நம்பரைப் படிக்கலாம். தண்ணீர் மேல் நடக்கலாம். தண்ணீரைப் பெட்ரோல் ஆக்கலாம். ஜோசியர்களாக இருந்தால், ஜாதகங்களைப் பார்த்து ஆண் யார், பெண் யார், உயிரோடு இருப்பவர் யார், செத்தவர் யார் என்று பிரித்துச் சொல்லலாம்.

கடைசிவரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவர் மறைந்த பிறகு கோயமுத்தூர் போத்தனூரில் இருந்த பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். அவர் 2009-ல் காலமானார்.

கோவூரின் குறிப்புகள் சினிமாவாகவும் வந்தன. மனக்கோளாறினால் மனைவியோடு வாழ முடியாத ஒருவனின் கதை 1972-ல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' ஆனது. மறு ஆண்டு டி.ஆர்.ராமண்ணா அதைத் தமிழில் 'மறுபிறவி' என்று எடுத்தார். முத்துராமனும் மஞ்சுளாவும் நடித்தார்கள்.

எங்கே தவறினார்?

தெய்வ சக்தி தன்னிடம் இருப்பதாகச் சொல்லுகிறவர் ஒன்று மோசக்காரர், அல்லது மனநோயாளி. இது கோவூரின் கடுமையான தீர்ப்பு. இரண்டே பெட்டிகளில் எல்லோரையும் அடைத்துவிட்டார்.

இன்றைய மனநல வைத்தியர்கள் அப்படிச் சொல்லுவது இல்லை. ஊரே சேர்ந்து கும்பிடுவதையும் நேர்த்திக்கடன் செலுத்துவதையும் அவர்கள் நோய் என்று எழுதுவது இல்லை. தூக்கம் கெட்டதா? சாப்பாடு குறைந்ததா? வேலை நின்றதா? யாருக்கும் கேட்காத குரல் இவருக்கு மட்டும் கேட்கிறதா? இவற்றைத்தான் விசாரிக்கிறார்கள்.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு மனோவசியம் போதாது. மருந்து வேண்டும். அந்த நோய்க்குப் பலன் தரும் முதல் மருந்து 1952-ல்தான் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்தது.

2002-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோவிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை அவர்கள் பரிசோதித்திருந்தார்கள். கோவிலில் மருந்து கிடையாது. அடியும் கிடையாது. உறவினர் துணைக்கு இருப்பார். நோயாளிகள் கோவில் வேலையில் கை கொடுப்பார்கள். சில வாரங்களில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது! கோவூர் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ?

ஆனால் அதற்கு முந்தின ஆண்டு நடந்ததையும் மறக்க முடியாது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது சங்கிலியும் கவனிப்பு இன்மையும். 2017-ல் வந்த மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்திருக்கிறது.

ஜனங்கள் ஏன் முதலில் கோவிலுக்குப் போகிறார்கள்? சேர்வராயன் மலையில் உள்ள மாரமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாமி மலை மேலேயே இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரியோ மலை இறங்கிப் போனால் சேலத்தில்! அங்கே உள்ளவர்கள் முதலில் சாமியிடம் முறையிட்டால் அதை மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. சாமி கும்பிட்டுவிட்டு டாக்டரையும் பார்க்கலாம். இப்போது 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசிக் கொடை

1974-ல் கோவூரின் மனைவி இறந்தார். சடங்கு எதுவும் நடக்கவில்லை. உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று.

நான்கு ஆண்டுகள் சென்றபின், 1978 செப்டம்பர் 18-ந் தேதி, தமது 80-வது வயதில் கோவூர் கொழும்பில் காலமானார். என்ன செய்யவேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்குக் கொடுக்கப்பட்டன. உடல் மருத்துவ மாணவர்கள் படிப்பதற்குப் போயிற்று.

எலும்புக்கூட்டுக்கும் ஓர் இடம் சொல்லி இருந்தார். அவர் கடைசியாகப் பாடம் நடத்திய தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞானக் கூடம்தான் அது!