வயலை ஏடாகக் கொண்ட லாஸ் பெருமகனார்

உழவின் பெருமையைப் போற்றாத புலவர் இலர். ஆயினும், ஒரு நிலம் மிக விளைதற்கும் மற்றொன்று விளையாதொழிதற்கும் உரிய காரணத்தை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தார் மிகச் சிலரே. அன்னாருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து தேயத்து ஸர் ஜான் பென்னெட் லாஸ் என்பார். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

லாஸ் 1814-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ராதம்ஸ்டெட் என்னும் பண்ணையில் பிறந்தார். எட்டாம் வயதில் தந்தையை இழந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றும் பட்டம் பெறாமலே மீண்டு, 1834-இல் பண்ணையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்து உழவர் டர்னிப் என்னும் கிழங்குப் பயிருக்கு எலும்புப் பொடியை எருவாக இடுவர். அது சில நிலங்களில் பெரும்பயன் விளைத்தது. சில நிலங்களில் யாதொரு பயனும் விளைக்கவில்லை. இவ்வேற்றுமை லாஸின் உள்ளத்தை ஈர்த்தது. எலும்பைக் கந்தகத் திராவகத்தில் இட்டுப் பக்குவஞ் செய்யின், அதிலுள்ள மணிச்சத்து நீரில் கரையும் இயல்பினதாய் வேருக்கு எளிதில் உணவாகும் என்பதைத் தொட்டிச் செடிகளிலும் வயலிலும் சோதித்துக் கண்டார். 1842-இல் அம்முறைக்குத் தனியுரிமை பெற்று, மறு ஆண்டில் லண்டனை அடுத்த டெப்ட்போர்டில் எருத் தொழிற்சாலை நிறுவினார். சூப்பர் பாஸ்பேட் என இன்று யாவரும் அறிந்த எரு இதுவே.

அவ்வாண்டிலேயே கில்பர்ட் என்னும் இரசாயன அறிஞரைத் துணைக்கொண்டு, பிராட்பால்க் என்னும் வயலில் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார். ஒரு பாத்திக்குத் தொழுஎரு. ஒன்றிற்குச் சாம்பற் சத்துக்கள் மட்டும். ஒன்றிற்கு அவற்றோடு தழைச்சத்து தரும் அம்மோனிய உப்பு. ஒன்றிற்கு எதுவுமே இல்லை. இங்ஙனம் பகுத்து, ஆண்டுதோறும் கோதுமையே விதைத்து, தானியத்தையும் வைக்கோலையும் தனித்தனி நிறுத்துக் குறித்தனர்.

ஜெர்மனி தேயத்துப் பேரறிஞர் லீபிக், பயிர் தழைச்சத்தைக் காற்றினின்றே பெறும், மண்ணிற்குத் தாதுப்பொருள்களை அளித்தலே போதும் எனக் கொண்டிருந்தார். அக்கொள்கை மெய்யாயின், லாஸின் பாஸ்பேட் வாணிகத்திற்கு அதனினும் சிறந்த துணை வேறில்லை. வயலோ வேறு விடை பகர்ந்தது. தாதுப்பொருள் மட்டும் பெற்ற பாத்தி, ஒன்றும் பெறாத பாத்தியினும் சிறிதே மிகுத்து விளைந்தது. தழைச்சத்தும் உடன் பெற்றதோ தொழுஎருப் பாத்திக்கு நிகராய் நின்றது. எருவற்ற பாத்தி ஏக்கருக்குச் சராசரி 13 புஷல் அளவே தர, தொழுஎருப் பாத்தி அதனினும் இரண்டரை மடங்குக்கு மேல் தந்தது. தம் சரக்கின் குறையைத் தம் வயலே காட்டியபோதும் லாஸ் அதனை மறைத்திலர். முடிவுகளை அச்சிட்டு உலகறியச் செய்தார். லீபிக்கின் சினத்திற்கு ஆளாகி நெடுங்காலம் வாதிட நேர்ந்தும் பின்வாங்கிலர்.

எருவொன்றே விளைவை அளக்கும் கோல் அன்று என்பதையும் அவ்வயல் உணர்த்திற்று. 1863-இல் பருவம் வாய்த்தமையால் மிகச் சிறந்த அறுவடை கிட்டியது. 1879-இல் ஓயாத மழையும் குளிரும் எருவிட்ட பாத்திகளையும் வாட்டின.

1856-இல் புல்வெளியொன்றில் தொடங்கிய சோதனை விளைபொருளின் தரத்தைப் பற்றியது. அம்மோனிய உப்பு மிகுந்த இடத்தில் வைக்கோற்புல் நிறைய வளர்ந்தது; ஆயின் பலவகைப் பூண்டுகள் அழிந்து முரட்டுப் புல்வகை சிலவே எஞ்சின. தழைச்சத்தின்றித் தாதுப்பொருள் இட்ட இடத்தில், கால்நடைக்கு நல்லுணவாகும் அவரையினச் செடிகள் தழைத்தன. மிகுதி வேறு, நயம் வேறு என்பது இதனால் விளங்கும்.

உழவர் பலர் பொருள் திரட்டி அவருக்குச் சிறப்புச் செய்ய முன்வந்தபோது, அப்பொருளால் ஆராய்ச்சிச்சாலையொன்று எழுப்பப்பெற்று 1855-இல் திறக்கப்பட்டது. 1872-இல் தம் எருவாணிகத்தை விற்ற லாஸ், தமக்குப் பின்னும் சோதனை தொடர்தற்பொருட்டு 1889-இல் ஒரு லக்ஷம் பவுன் ஒதுக்கி அறக்கட்டளை அமைத்தார். 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் காலமானார். ஐம்பத்தேழு ஆண்டு உடனுழைத்த கில்பர்ட் மறு ஆண்டில் மறைந்தார். பிராட்பால்க் வயலில் சோதனை இன்றும் நடைபெறுகின்றது. நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் இத்தகைய நிலையான எருச்சோதனை தொடங்கப்பெற்றது.

நிலமுடைய நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும், இன்ன பாத்திக்கு இன்ன எரு, இத்தனை மழை, இவ்வளவு விளைவு என ஒரு குறிப்பேடு எழுதி வருவாராயின், அவர்தம் பேரர்க்கு அதனினும் சிறந்த தேட்டம் வேறு வேண்டுமோ?